இடது கழுத்து, வலது கழுத்து

கோவில்பட்டியில் ஒரு ரெடிமேட் கம்பெனியில் செக்கிங் மேசையில் வேலை பார்க்கிறேன். தைத்து முடித்த சட்டைகளில் தையல் விட்டிருக்கிறதா, பொத்தான் நேராக இருக்கிறதா, உடைந்த ஊசிமுனை ஏதாவது காலருக்குள் தங்கிவிட்டதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். பல வருடப் பழக்கத்தில், கண்ணுக்குத் தெரியாததை விரல் சொல்லிவிடும்.

கட்டியையும் விரல்தான் முதலில் கண்டது. ஆடிக்காற்றில் பறந்த மண் கழுத்தெல்லாம் ஒட்டியிருந்ததால் சாப்பாட்டு நேரத்தில் குழாயடியில் நின்று கழுவினேன். வலது தாடைக்குக் கீழே ஏதோ உருண்டது. வலி இல்லை. அமுக்கினால் நழுவியது.

சாயங்காலம் கணவரிடம் காட்டினேன். அவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார்.

"சளி பிடிச்சிருக்கும். தன்னால அமுங்கிரும்" என்றார்.

நானும் அதையே நம்ப விரும்பினேன். ஆறு வாரம் போயிற்று. கட்டி அமுங்கவில்லை. அந்த நாட்களில் சாயங்காலமானால் உடம்பு கதகதவென்று இருக்கும். ரவிக்கைகள் தளர்ந்திருந்தன. இந்த இரண்டையும் நான் யாரிடமும் சொல்லவில்லை. காய்ச்சல் என்று சொல்லும்படி உடம்பு சுடவில்லை. இளைத்ததில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட. மருத்துவர் கேட்காவிட்டாலும் நானாகச் சொல்லியிருக்க வேண்டிய இரண்டு வாக்கியங்கள் அவை.

ஊரில் உள்ள காது மூக்கு தொண்டை மருத்துவர் கட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு எஃப்.என்.ஏ.சி. (மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து செல்களை உறிஞ்சிச் சோதிப்பது) எடுத்து வரச் சொன்னார். ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் எடுத்தார்கள். எறும்பு கடித்ததுபோலத்தான் இருந்தது.

நான்காம் நாள் அறிக்கை வாங்கப் போனேன். நல்ல கூட்டம். உள்ளேயிருந்து ஒரு பெண் "முத்துலட்சுமி" என்று கூப்பிட்டாள். எழுந்து போய்க் கவரை வாங்கிக்கொண்டேன். நடந்தது அவ்வளவுதான்.

மருத்துவர் கவரைப் பிரித்துக் கடைசி வரியைப் படித்தார். பிறகு என்னைப் பார்க்காமல் என் கணவரைப் பார்த்துப் பேசினார்.

"நெறிக்கட்டியில புற்றுநோய் செல் இருக்கு. ஆனா இது இங்க ஆரம்பிச்சதில்ல. உடம்புல வேற எங்கயோ இருந்து பரவி வந்திருக்கு. அது எந்த இடம்னு மொதல்ல கண்டுபிடிக்கணும்."

திருநெல்வேலியில் ஒரு பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்தார். அறிக்கையில் இருந்த கடைசி வரியை அந்தக் கடிதத்தில் தன் கையால் எழுதியிருந்தார். அதன்பிறகு பார்த்தவர்கள் எல்லோரும் அந்தக் கடிதத்தைத்தான் படித்தார்கள். அறிக்கை ஃபைலின் அடியில் கிடந்தது.

இதைப் படிப்பவர்களில் யாராவது இப்போது ஃபைலோடு எங்கேயாவது ஒரு வராந்தாவில் உட்கார்ந்திருக்கலாம். அவர்களுக்காகத்தான் அந்த நாட்களை எழுதுகிறேன். அந்த நாட்களில் எனக்குப் பயத்தைவிடக் குழப்பம்தான் அதிகம்.

திருநெல்வேலியில் தேடல் தொடங்கியது. மூக்கு வழியாகக் குழாய் விட்டுத் தொண்டையைப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. வாய் வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்த்தார்கள். லேசான புண் என்றார்கள். மார்பகத்தைப் படம் எடுத்தார்கள். கழுத்திலிருந்து வயிறு வரை சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பையில் ஒரு கல், நுரையீரலின் மேல் ஓரத்தில் ஒரு பழைய தழும்பு, தைராய்டில் மிளகு அளவு ஒரு முடிச்சு. அந்த முடிச்சுக்கு இன்னொரு ஊசி. அது சாதாரணமானது என்று தெரிய ஒரு வாரம்.

தேடினால் உடம்பில் ஏதாவது அகப்படத்தான் செய்கிறது. ஒவ்வொன்றும் இன்னொரு சோதனைக்குக் கூட்டிப்போனது. ஆனால் தேடியது மட்டும் கிடைக்கவில்லை.

காலையில் பல் தேய்த்ததும் கண்ணாடி முன் நின்று நாக்கை நீட்டிப் பார்ப்பேன். நாக்கை மடித்து அடியில் பார்ப்பேன். எங்கேயும் வலிக்கவில்லை. பசித்தது, சாப்பிட்டேன், தூங்கினேன். எனக்குள் எங்கோ இருக்கிறது என்று எல்லோரும் சொல்லும் ஒன்று எனக்கு மட்டும் தெரியாமல் இருப்பது எப்படி என்று புரியவில்லை.

என் மகள் சுகன்யா கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். ஒருநாள் பேருந்தில் ஃபைலைப் புரட்டிக்கொண்டு வந்தவள், "அம்மா, மொத ரிப்போர்ட்ல லெஃப்ட்டுன்னு போட்டிருக்கு. உனக்கு ரைட்டுலதான கட்டி?" என்றாள்.

மறுநாள் திருநெல்வேலி மருத்துவரிடம் கேட்டோம். அவர் வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே, "டைப்பிங் மிஸ்டேக்கா இருக்கும்மா. இதெல்லாம் நடக்கறதுதான்" என்றார். அதட்டலாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். வெளியே வந்ததும் என் கணவர் மகளைக் கடிந்துகொண்டார்.

"ஏட்டி, அவியளுக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சிரப் போகுது?"

அவள் ஃபைலை மூடிவிட்டாள். நான் அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

கடைசியாக பெட் ஸ்கேன் (சர்க்கரையை அதிகமாக எடுத்துக்கொள்ளும் செல்கள் ஒளிர்ந்து தெரியும் படம்) எடுத்தார்கள். கழுத்தும் நெஞ்சின் நடுப்பகுதியும் ஒளிர்ந்தன. அதோடு யாருக்கும் சந்தேகம் இல்லாமல் போயிற்று. புற்று மட்டுமல்ல, கிருமித் தொற்றும் அந்தப் படத்தில் ஒளிரும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

மூலம் தெரியாவிட்டாலும் சிகிச்சையைத் தொடங்கலாம் என்று முடிவு செய்தார்கள். கழுத்துக்குக் கதிர்வீச்சு, கூடவே மருந்து. கதிர்வீச்சுக்குப் பிறகு பல் பிடுங்கினால் தாடை ஆறாது என்பதால், சொத்தையாக இருந்த இரண்டு கடைவாய்ப் பற்களை முன்கூட்டியே எடுத்துவிட்டார்கள். வாயில் பஞ்சோடு வீட்டுக்கு வந்தபோதுதான் முதன்முதலாக நான் நோயாளி என்று நம்பினேன்.

கதிர்வீச்சுக்கு மதுரைக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த பெண் மருத்துவருக்கு என் வயதுதான் இருக்கும். கடிதத்தைப் படித்துவிட்டு ஓரமாக வைத்தார். பிறகு ஃபைலைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் கிடந்த காகிதத்திலிருந்து ஒவ்வொன்றாகப் படிக்கத் தொடங்கினார். முதல் காகிதத்திலேயே நின்றுவிட்டார்.

"உங்களுக்கு வயசு என்னம்மா?"

"நாப்பத்திரெண்டு."

"இதுல அறுபத்தொண்ணுன்னு போட்டிருக்கு. இடது கழுத்துன்னும் இருக்கு."

"இடது வலது டைப்பிங் மிஸ்டேக்குன்னு சொன்னாங்க டாக்டர்" என்றார் என் கணவர்.

"ஒரு தப்புன்னா டைப்பிங்னு விட்டுரலாம். ரெண்டும் தப்பா இருக்கே. இது உங்க ரிப்போர்ட்டாவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியல. தெரியாம நான் கதிர்வீச்சு குடுக்க மாட்டேன்."

தெரியவில்லை என்று ஒரு மருத்துவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்தச் சொல் என்னை உலுக்கியது. கூடவே, இத்தனை வாரத்தில் முதன்முறையாகக் காலடியில் தரை இருப்பதுபோலவும் இருந்தது.

அவர் கேள்விகள் கேட்டார். சாயங்காலம் காய்ச்சல் உண்டா? எடை குறைந்ததா? சோதனை அறைக்கு அனுப்பாமல் இருபது நிமிடம் உட்கார வைத்துக் கேட்டார். உடம்பு கதகதவென்று இருந்ததையும் ரவிக்கை தளர்ந்ததையும் அன்றுதான் சொன்னேன். சட்டையில் ஒரு நூல் பிரிந்திருந்தால் கண்டுபிடிக்கிறவள், என் பெயருக்குப் பக்கத்தில் இருந்த வயதை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

பயாப்ஸி (கட்டியிலிருந்து ஒரு துணுக்கை வெட்டி எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். துணுக்கைப் போட்ட குப்பியில் பெயர் ஒட்டும்போது என் பெயர், கணவர் பெயர், வயது, எந்தப் பக்கம் என்று என்னையே வாய்விட்டுச் சொல்லச் சொன்னார் மருத்துவர். பத்து நாளில் முடிவு வந்தது. காசநோய். நுரையீரலில் அல்ல, நெறிக்கட்டியில் வந்த காசநோய். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிடும்.

என் கணவர் மருத்துவருக்குக் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. பல் பிடுங்கிய இடத்தை நாக்கு தடவிக்கொண்டே இருந்தது.

திரும்பி வரும் பேருந்தில் விருதுநகர் தாண்டியதும் கேட்டேன்.

"என்னங்க, அப்போ அது யாரோடது?"

"எது?"

"அந்த மொத பேப்பர்."

சாத்தூர் வந்ததும், "நாளைக்குப் போயிக் கேட்டுருவோம்" என்றார்.

மறுநாள் ஆய்வுக்கூடத்துக்குப் போனோம். கவுண்டரில் இருந்த பெண் பதிவேட்டைப் புரட்டினாள். விரல் ஒரு பக்கத்தில் நின்றது. அவள் முகம் மாறியது. நான் ஊசி போட்டுக்கொண்ட அதே நாளில் இன்னொரு முத்துலட்சுமி வந்திருக்கிறார். வயது அறுபத்தொன்று. புதூர் பக்கம் ஒரு கிராமம்.

பொறுப்பாளர் உள்ளேயிருந்து வந்தார். "கவர் மாறியிருக்கு போலம்மா. மன்னிச்சிருங்க. அவங்களுக்கு நாங்க இன்னைக்கே தகவல் சொல்லிடுதோம்" என்றார்.

நான் நம்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மாத்திரைகள் தொடங்கின. அரசாங்க ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனது. காலையில் குமட்டியது. ஒரு வாரம் கழித்து ஆய்வுக்கூடத்துக்குப் போன் செய்தேன். "அவிய குடுத்த நம்பர் போக மாட்டேங்குது, பாத்துக்கிட்டிருக்கோம்" என்றார்கள். இரண்டாம் வாரமும் அதே பதில். மூன்று வாரம் காத்திருந்தேன். வாந்தியும் அசதியும் இருந்தது உண்மை. ஆனால் அதைக் காரணமாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உயிர் பிழைத்த சந்தோஷத்தை யாரோ வந்து பிடுங்கிக்கொள்வார்கள் என்பதுபோல ஒரு பயம் உள்ளே இருந்தது.

அந்த மூன்றாவது வாரம் என் கட்டி சிறிதாகாமல் பெரிதானது. மருந்து வேலை செய்யத் தொடங்கும்போது சிலருக்கு அப்படி வீங்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நான் நம்பவில்லை. இந்த முடிவும் மாறிப்போனதாக இருந்தால்? மதுரையில் நான் சொன்னதை அவர்கள் சரியாக எழுதினார்களா? யாரைக் கேட்டாலும் தெளிவு வராத நிலைக்கு நான் போயிருந்தேன். அப்போதுதான் அந்த இன்னொரு பெண்ணை நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்று தோன்றியது. அவருக்காகவா எனக்காகவா என்று கேட்டால் இன்றும் எனக்குச் சொல்லத் தெரியாது.

கார்த்திகை மாதம். முதல்நாள் நல்ல மழை. புதூர் தாண்டி மண்பாதையில் திரும்பியதும் கரிசல் மண் அப்பி லோடு ஆட்டோவின் சக்கரம் சுற்ற மறுத்தது. வண்டியை நிறுத்திவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உளுந்துக் காடுகளின் ஓரமாக நானும் கணவரும் நடந்தோம்.

ஊரில் கேட்டதும் வீட்டைக் காட்டினார்கள். ஆட்டுத் தொழுவத்தின் வாசலில் ஒரு அம்மா ஆடுகள் தின்ன வேலங்குழையைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். ஒல்லியான உடம்பு. கழுத்தைச் சுற்றித் துண்டு. இடது பக்கம் துண்டு புடைத்திருந்தது.

"நீங்கதான முத்துலட்சுமி?"

"ஆமா தாயி. நீ யாரு? பேங்க்ல இருந்து வாரியா?"

"நானும் முத்துலட்சுமிதான்க்கா. கோவில்பட்டி."

அவர் சிரித்தார். அவர் மருமகள் வெளியே வந்து பாய் விரித்தாள். ஆய்வுக்கூடத்திலிருந்து யாரும் அங்கே வரவில்லை, எந்தத் தகவலும் வரவில்லை. மகன் திருப்பூரில் வேலை. ஆய்வுக்கூடத்தில் கொடுத்தது அவர் மாற்றிவிட்ட பழைய எண்.

"கழுத்துல கட்டி எப்படிக்கா இருக்கு?"

"டிபின்னு சொன்னாவ. நர்சம்மா மாத்திரை கொண்டாந்து குடுக்கா. ஒரு நாள் விடாம முழுங்குதேன். ஆனா கட்டி பெருசாயிட்டே போகுது. மருந்து வேலை செய்யும்போது அப்படித்தான் வீங்குமாம். இப்போ கஞ்சிகூட ஒரு பக்கமாத்தான் இறங்குது."

அதே மாத்திரை, அதே வீக்கம், அதே விளக்கம். எனக்கு அது குணமாவதன் அடையாளம். அவருக்கு அப்படியல்ல.

எப்படிச் சொன்னேன் என்று கோர்வையாக நினைவில்லை. பாதியில் என் கணவர்தான் எடுத்துச் சொன்னார். மருமகள் உள்ளே போய் பாலித்தீன் உறையில் மடித்து வைத்திருந்த காகிதத்தைக் கொண்டு வந்தாள். வயது நாற்பத்திரண்டு. வலது கழுத்து. காசநோய்க்கான அறிகுறிகள். ஆடிமாதம் முதல் என் உடம்பில் இருந்த நோய் அந்த வீட்டில் இருந்தது. என் கையில் இருந்ததை அவளிடம் கொடுத்தேன்.

அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டார். அழவில்லை.

"அப்போ எனக்கு வர வேண்டிய பயத்தையெல்லாம் நீயா தாயி பட்டுட்டிருந்த?"

நான் தலைகுனிந்தேன்.

"போகட்டும். நான் மூணு மாசம் நிம்மதியா இருந்திருக்கேன்லா."

அவர் எனக்கு ஆறுதல் சொன்னாரா, மனம் நொந்து சொன்னாரா என்று இன்றுவரை விளங்கவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை.

மறுநாளே திருநெல்வேலிக்குக் கூட்டிப்போனோம். மருத்துவர் குழாய் விட்டுப் பார்த்த சில நிமிடங்களில் மூலத்தைக் கண்டுபிடித்துவிட்டார். நான் தினமும் கண்ணாடியில் தேடியது அந்த அக்காவின் நாக்கின் வேர்ப்பகுதியில் இருந்தது. நெடுநாளாகப் புகையிலை போடும் பழக்கம் அவருக்கு உண்டாம். அதை யாரும் அவரிடம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

நான் அந்த மருத்துவரிடம் தனியாகக் கேட்டேன். "மூணு மாசம் முந்தி வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாமா டாக்டர்?"

அவர்தான் முன்பு டைப்பிங் மிஸ்டேக் என்று சொன்னவர். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "சொல்ல முடியாதும்மா. வாய்ப்பு கூடியிருக்கும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்" என்றார். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டே, "உங்க பொண்ணு அன்னைக்குச் சரியாத்தான் கேட்டா" என்றார்.

முத்துலட்சுமி அக்கா கதிர்வீச்சு முழுவதையும் எடுத்துக்கொண்டார். பொங்கலுக்குக் கட்டி வற்றியது. பங்குனியில் ஆட்டை மேய்க்கக்கூடப் போனார். பிறகு மறுபடியும் வந்தது. ஆவணியில் இறந்துபோனார். நான் போயிருந்தேன். யாரென்று கேட்டவர்களுக்கு மருமகள், "அத்தையோட பேருள்ளவுக" என்று மட்டும் சொன்னாள்.

ஆய்வுக்கூடத்தில் அந்தக் கவுண்டர் பெண்ணை வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அது எனக்கு ஆறுதலாக இல்லை. கவரைக் கொடுத்தது அவள் என்றால், பார்க்காமல் வாங்கியது நான். பிரித்துப் படித்தவர்கள் இன்னும் பலர்.

நான் மருத்துவம் படித்தவள் அல்ல. என்னால் சொல்ல முடிந்தது கொஞ்சம்தான். அறிக்கை கைக்கு வந்ததும் பெயர், வயது, பக்கம், தேதி நான்கையும் அங்கேயே நின்று படியுங்கள். பொருந்தவில்லை என்றால் கேளுங்கள். டைப்பிங் பிழை என்றால், அதைத் திருத்திக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். புதிய மருத்துவரிடம் போனால் முந்தையவரின் கடிதத்தோடு முதல் காகிதத்தையும் மேலே எடுத்து வையுங்கள். சின்னதாகத் தோன்றுவதையும் சொல்லுங்கள். ஒரு பெரிய சிகிச்சைக்கு உடம்பைக் கொடுக்கும் முன், முதல் சோதனையை இன்னொரு தடவை பார்க்க முடியுமா என்று கேட்பதில் தவறில்லை. மருத்துவரைச் சந்தேகிப்பதாக ஆகாது அது. எனக்கு அதைக் கேட்கத் தெரியவில்லை. என் மகள் கேட்டாள். நாங்கள்தான் அவளை அடக்கினோம்.

ஆறு மாத மாத்திரை முடிந்தது. எடை கூடியது. மாலைச் சூடு இல்லை. ஆனால் கட்டி முழுதாகப் போகவில்லை. புளியங்கொட்டை அளவு ஒன்று வலது தாடைக்குக் கீழே நின்றுவிட்டது.

போன வாரம் சுகன்யாதான் மெதுவாகக் கேட்டாள். "அம்மா, ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துருவோமா?"

மதுரைக்குப் போனோம். மருத்துவர் தொட்டுப் பார்த்தார்.

"ஸ்கேன் எடுத்தா என்ன தெரியும் டாக்டர்?" என்று கேட்டேன்.

"அங்க ஒரு கட்டி இருக்குன்னு தெரியும். அது நமக்கு இப்பவே தெரியும். எடுக்கறதால மருந்து எதுவும் மாறப் போறதில்ல. சில பேருக்கு இப்படி வடுவா நின்னுரும். வளந்தாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே வாங்க. இல்லன்னா மூணு மாசம் கழிச்சு வாங்க."

சரி என்று எழுந்தேன். மூன்று மாதம் என்று அவர் சாதாரணமாகச் சொன்னார். அந்தச் சொல் இப்போது எனக்கு ஒரே அளவில் கேட்பதில்லை. புதூரில் ஒருவருக்கு மூன்று மாதம் என்பது பயமில்லாமல் உண்டு உறங்கிய காலம். அதே மூன்று மாதம்தான் அவர் வாய்ப்பையும் குறைத்தது. எனக்கு அது சும்மா இருக்கலாம் என்று ஒரு மருத்துவர் சொல்லும் காலம். சில நாள் கட்டியைத் தொடாமல் இருந்துவிடுகிறேன். சில நாள் வேலைக்கு நடுவே விரல் தானாகக் கழுத்துக்குப் போகிறது. அது அங்கேயே இருக்கிறது. வளர்ந்ததுபோலவும் இல்லை, குறைந்ததுபோலவும் இல்லை. என் விரல் சொல்வதை முன்போல நான் முழுதாக நம்புவதில்லை. கையை எடுத்துக்கொண்டு அடுத்த சட்டையை எடுக்கிறேன்.